தாத்தா பார்க்காத கிட்டப்பா

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இப்போ ஊர்ல இருந்துதான் வேலை. சாரல் ஆரம்பிச்சாச்சு. மத்தியானம் ஐந்தருவியில தலையைக் கொடுத்துட்டு வந்து, அஞ்சு மணி மீட்டிங்ல ஈரத்தலையோட உக்கார்ந்துக்கிட்டு, யாரும் கேமராவை ஆன் பண்ணச் சொல்லிடக் கூடாதுன்னு குத்தாலநாதரை வேண்டிக்கிட்டு ஓடுது பொழப்பு :)

சரி, மேட்டருக்கு வருவோம். இது ஒரு திருத்தப் பதிவு. கூடவே கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் கருத்து. கருத்து வேண்டாம்ங்கிறவங்க இங்கேயே அப்பீட் ஆகிக்கலாம்.

2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. அந்த உற்சாகத்துல 'நம்ம மாவட்டத்தின் முதல் சூப்பர் ஸ்டார்'னு ஒரு பதிவு போட்டேன். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா பற்றி. 1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையில அவர் குரல் எழும்பினா கடைசி வரிசைக்கும் கேட்கும்னு சொல்வாங்க. மைக் இல்லாத காலம். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடிச்ச 'வள்ளி திருமணம்' அந்தக் கால பிளாக்பஸ்டர். 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்துட்டார். வயசு 27. இப்போ எனக்கு 28. அதை நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

அந்தப் பதிவுல எல்லாருக்கும் பிடிச்ச வரி எது தெரியுமா? "என் தாத்தா சின்னப் பையனா இருக்கும்போது, செங்கோட்டையில கிட்டப்பா வேடன் வேஷம் கட்டிப் பாடினதை நேர்ல பார்த்தவர்" என்கிற வரிதான். தாத்தா எனக்கு அதை அம்பது தடவையாவது சொல்லியிருப்பார். கொட்டகை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், அய்யா தோள்ல உக்கார்ந்து பார்த்தது, வேடன் உள்ளே வந்ததும் கூட்டம் எழும்பி நின்னது, எல்லாம். நானும் அப்படியே எழுதினேன். நல்லா எழுதிட்டதா ஒரு நெனப்பு வேற.

கொஞ்ச நாள் கழிச்சு முகம் தெரியாத ஒரு வாசகர் மெயில் அனுப்பினார். ஒரே ஒரு கேள்வி. "உங்கள் தாத்தா எந்த வருடம் பிறந்தார்?"

1930.

கணக்குப் போட்டுப் பாருங்க. கிட்டப்பா இறந்தப்போ தாத்தாவுக்கு மூணு வயசு. மூணு வயசுப் பிள்ளைக்கு பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் கூட்டம் எழும்பி நின்னதும் ஞாபகம் இருக்குமா? எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர்ல தேதியையும் நேரத்தையும் கட்டிக்கிட்டு மாரடிக்கிற எனக்கு இந்த ஒரு கழித்தல் தோணல. வெக்கக்கேடு!

தாத்தா 2011-லேயே போய்ச் சேர்ந்துட்டார். ஆச்சிகிட்ட கேட்டேன். வெத்தலையை இடிச்சுக்கிட்டே சொன்னா:

"ஏல, அவுக எங்க பாத்தாவ? அவுக அய்யால்லா பாத்தது. அந்த மாமா நெதமும் அந்தக் கதையையே சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு இவுக தான் பாத்த மாரியே ஆயிட்டு. இவுக பாத்தது சினிமா. ஸ்ரீவள்ளி. அதையும் இதையும் போட்டுக் கொழப்பிக்கிட்டாவ."

ஸ்ரீவள்ளி! 1945-ல் ஏவி. மெய்யப்பன் எடுத்த படம். முருகனா நடிச்சவர் டி.ஆர். மகாலிங்கம். கிட்டப்பா பாணியில உச்ச ஸ்தாயியில பாடுறவர்னு பேர் எடுத்தவர். கிட்டப்பா மேடையில பாடின 'காயாத கானகத்தே' பாட்டை அந்தப் படத்துல அவர் பாடினார். தாத்தாவுக்கு அப்போ 15 வயசு. அதே கதை, அதே வேடன், அதே பாட்டு. அய்யா சொன்ன கொட்டகையும் தான் பார்த்த திரையும் அறுபது வருஷத்துல ஒண்ணாக் கலந்துபோச்சு. தாத்தா பொய் சொல்லல. ஆனா நான் எழுதினது பொய்.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. "செங்கோட்டையில் கிட்டப்பாவின் கடைசி நாடகத்தை நேரில் பார்த்த பெரியவர் சொன்னது..." என்று ஆரம்பம். வரிக்கு வரி என் பதிவு. 'கடைசி' மட்டும் யாரோ சேர்த்தது. சித்தப்பா கீழே "அருமையான தகவல், இளைய தலைமுறை அறிய வேண்டும்"னு கும்பிடு போட்டிருந்தார். நான் இளைய தலைமுறைதான் சித்தப்பா. அதை அறிய வச்சதே நான்தான் :(

நிற்க.

இந்த நேரத்துல நான் படிச்சிட்டு இருந்தது ராண்டார் கை எழுதினதை. பதிவுலகத்துல பழைய பட ஆட்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். தெரியாதவங்களுக்கு: வெள்ளைக்காரர்னு நினைச்சுடாதீங்க. நிஜப் பேர் மாடபூஷி ரங்கதுரை. 1937-ல் பிறந்தவர். சட்டம் படிச்சவர். ரங்கதுரையைத் திருகி 'ராண்டார் கை' ஆக்கிக்கிட்டார். 'தி இந்து' ஆங்கில நாளிதழ்ல 'ப்ளாஸ்ட் ஃப்ரம் தி பாஸ்ட்'னு பல வருஷம் எழுதினார். வாரம் ஒரு பழைய படம். யார் எடுத்தது, யார் நடிச்சது, கதை என்ன, நடிகர் நடிகை வாழ்க்கையில என்ன நடந்துச்சு, பிற்பாடு என்ன ஆனாங்க, எல்லாம். கடைசியில 'இந்தப் படம் எதுக்காக ஞாபகம் வைக்கப்படுது'ன்னு ஒரு வரி. அந்த வரிக்காகவே படிக்கிற ஆட்கள் உண்டு. 'ஸ்டார்லைட் ஸ்டார்பிரைட்'னு ஆரம்பகாலத் தமிழ் சினிமா பற்றி 1997-ல் புத்தகமும் வந்தது. 2023 ஏப்ரல்ல, 85 வயசுல இறந்துபோனார்.

அவரோட எழுத்துல ஒரு குறை சொல்வாங்க. நானும் சொல்லியிருக்கேன். ஆதாரம் கொடுக்க மாட்டார். செய்தித்தாள் பத்தியில அடிக்குறிப்புக்கு இடம் ஏது? அந்தத் தயாரிப்பாளர் இந்த நடிகையைக் காதலிச்சார், இந்த இயக்குநர் கடன்ல மூழ்கினார்னு பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி எழுதுவார். படிக்க ஜோர். ஆனா யார் சொன்னது? எப்போ சொன்னது? இவரே பார்த்ததா? தெரியாது.

அதனால அவரை ஒதுக்கிடலாமா? அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தமிழ்நாட்டின் முதல் மௌனப்படம். பிரதி இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' முதல் பேசும்படம். பிரதி இல்லை. தென்னிந்திய மௌனப் படங்கள்ல இன்னிக்குப் பார்க்கக் கிடைக்கிறது 'மார்த்தாண்ட வர்மா' மட்டும்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை. படமே இல்லாத ஊர்ல பட வரலாறு எழுதணும்னா என்ன வழி? அந்தப் படத்துல வேலை பார்த்தவங்ககிட்ட, பார்த்தவங்ககிட்ட, பார்த்தவங்களோட பிள்ளைங்ககிட்டப் பேசணும். ராண்டார் கை அதைத்தான் செஞ்சார். யாரும் மதிக்காத காலத்துல போய்க் கேட்டார். இவர் கேட்டு எழுதாம இருந்தா எத்தனையோ பேர் தடமில்லாமப் போயிருப்பாங்க.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வேற ரகம். கதை பேச மாட்டார், பட்டியல் போடுவார். எந்தப் படம், எந்தத் தேதி, யார் யார். 'நாடோடி மன்னன்' காலத்துல பி.ஆர்.ஓ.வா ஆரம்பிச்சு ஆயுசு முழுக்க ஸ்டில்லும் துண்டுப்பிரசுரமும் சேர்த்தவர். 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' அவரோட தலையணை சைஸ் புத்தகம். 2016-ல் மறைந்தார். இன்னொருத்தர் தியடோர் பாஸ்கரன். தபால் துறை அதிகாரி. ஆவணக் காப்பகத்துல உக்கார்ந்து தேடி, 1981-ல் 'தி மெசேஜ் பேரர்ஸ்' எழுதினார். அவரோட 'தி ஐ ஆஃப் தி செர்பன்ட்' சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருது வாங்கினது.

என் மண்டைக்குப் புரிஞ்ச மாதிரி சொன்னா: ஆனந்தன் டேட்டாபேஸ். பாஸ்கரன் அதை அலசி, ஏன் இப்படி நடந்துச்சுன்னு சொல்றவர். ராண்டார் கை லாக் ஃபைல். லாக்ல எல்லாமே இருக்கும். குப்பையும் இருக்கும். ஆனா சிஸ்டம் கிராஷ் ஆகிப்போச்சுன்னா மிச்சம் இருக்கிறது லாக் மட்டும்தான். அதை அழிக்கிறவனும் முட்டாள். அதுல இருக்கிற ஒவ்வொரு வரியும் வேதம்னு நம்புறவனும் முட்டாள்.

"சினிமாக்காரன் கதைதானே தல, இதுல என்ன இவ்வளவு கறார்?"னு ரூம்மேட் ஒருத்தன் கேட்டான். அவனுக்கு லட்சுமிகாந்தன் கதையைச் சொன்னேன். 'சினிமா தூது', 'இந்து நேசன்'னு பத்திரிகை நடத்தி நடிகர்களோட அந்தரங்கத்தை எழுதிக் காசு பார்த்தவர். 1944 நவம்பர்ல மெட்ராஸ் வேப்பேரியில கத்தியால குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 1947-ல்தான் விடுதலை ஆனாங்க. பாகவதரோட மார்க்கெட் அதுக்கப்புறம் எழும்பவே இல்லை. அவ்வளவு பெரிய நட்சத்திரம்!

இந்த வழக்கைப் பற்றியும் ராண்டார் கை எழுதியிருக்கார். லட்சுமிகாந்தன் கைல இருந்த சரக்கும் 'ஒருத்தர் சொன்னார்'தான். ராண்டார் கை கைல இருந்ததும் 'ஒருத்தர் சொன்னார்'தான். ஒருத்தர் அதை மிரட்டக் கையில எடுத்தார், இன்னொருத்தர் மறந்துபோகாம இருக்க எழுதினார். நோக்கத்துல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா படிக்கிற நமக்கு அச்சுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். யார் சொன்னதுன்னு ஒரு வரி கூட இருந்தாத்தான் அந்த வித்தியாசம் நிலைக்கும்.

வெளிநாட்டுல மட்டும் எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைக்காதீங்க. பிபிசியே 1960-கள்ல எடுத்த நிகழ்ச்சிகளை டேப் மிச்சம் பிடிக்கிறேன்னு அழிச்ச கம்பெனிதான். 'டாக்டர் ஹூ' தொடர்ல தொண்ணூறுக்கும் மேல எபிசோட் இன்னிக்கும் இல்லை. ஆனா அத்தனைக்கும் ஒலி மட்டும் இருக்கு! எப்படின்னா, அந்தக் காலத்து ரசிகப் பசங்க வீட்டு டிவியில வந்த சத்தத்தை டேப் ரெக்கார்டர்ல பிடிச்சு வச்சிருந்தாங்க. அந்த ஊர் கெவின் பிரவுன்லோவும் பள்ளிக்கூட வயசுல பழைய ஃபிலிம் சுருள் சேர்க்க ஆரம்பிச்சவர்தான். மௌனப்பட ஆட்கள் உயிரோட இருக்கும்போதே தேடிப் போய்ப் பேட்டி எடுத்து 1968-ல் புத்தகம் போட்டார். பிற்பாடு டேவிட் லீன் வாழ்க்கை வரலாறும் எழுதினார். 2010-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தாங்க. ஆரம்பிச்சது எல்லாம் நம்மள மாதிரி பொழுதுபோக்குக்காரங்க. அதான் எனக்கு இதுல நம்பிக்கை.

நம்ம ஊருக்கு வருவோம். சாரல் சீசன்ல வர்றவங்களைக் கூட்டிட்டுப் போற ஆட்டோ அண்ணாச்சிங்க எல்லாருமே சினிமா வரலாற்று ஆசிரியர்கள்தான். சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனா 'அந்நியன் பாறை' காட்டுவாங்க. 2005-ல் படத்துக்காகப் பெயின்ட் அடிச்ச பாறை. 'ரோஜா' கதாநாயகி ஊரும் கதைப்படி சுந்தரபாண்டியபுரம்தான். இதெல்லாம் படத்தைப் போட்டுப் பார்த்தா சரிபார்த்துடலாம். ஆனா "இந்தக் கல்லுலதான் எம்.ஜி.ஆர். உக்கார்ந்து காபி குடிச்சாரு"ன்னு ஒவ்வொரு அண்ணாச்சியும் ஒவ்வொரு கல்லைக் காட்டுவார். எம்.ஜி.ஆர். அத்தனை கல்லுல உக்கார்ந்திருந்தா நடிக்க நேரம் ஏது? :) சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா 2019-ல் நான் செஞ்சதும் அதேதான். நான் காட்டினது வேற கல்லு, அவ்வளவுதான்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. சினிமா வரலாறு எழுதினவங்க பெரும்பாலும் மெட்ராஸ்ல இருந்து எழுதினாங்க. அங்கேதான் ஸ்டூடியோ, அங்கேதான் ஆட்கள். அதனால கிட்டப்பா கதை எங்க படிச்சாலும் காதல் கதையாத்தான் இருக்கு. கொழும்புல சுந்தராம்பாளைச் சந்திச்சது, 1927 கல்யாணம், பிரிவு, சாவு, 25 வயசுல அந்த அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டது. அப்புறம் 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். கண் கலங்க வைக்கிற கதைதான். ஆனா அவர் 1924-லேயே கல்யாணம் ஆனவர். மனைவி பேர் கிட்டம்மாள். நான் படிச்சதுல எல்லாம் அந்த அம்மாவுக்கு ஒரு வரி, மிஞ்சினா ரெண்டு வரி. என் பதிவுல அதுவும் இல்லை. அவங்க 1933-க்கு அப்புறம் எப்படி வாழ்ந்தாங்க? அதை மெட்ராஸ்ல இருந்து யாரும் எழுதப் போறதில்லை. இந்தப் பக்கத்துக்காரங்கதான் கேட்டிருக்கணும். கேட்கக்கூடிய ஆட்கள் இருந்தப்போ நாங்க அருவியில குளிச்சிட்டு இருந்தோம்.

கிட்டப்பா பேசும்படத்துல நடிக்கவே இல்லை. அவர் அசைஞ்சு நடக்கிற ஒரு அடி ஃபிலிம் கிடையாது. இருக்கிறது கிராமபோன் தட்டுகள்ல பிடிச்ச குரல், பக்கத்துக்கு மூணு நிமிஷ சொச்சம். மத்ததெல்லாம் யாராவது சொன்னது. அப்படிப்பட்ட ஒரு ஆளைப் பற்றி, கிடைக்கிற சாட்சி ஒவ்வொண்ணும் தங்கம். அதுல நான் ஒரு பித்தளையைக் கலந்துவிட்டுட்டேன். இதான் உறுத்துது.

பழைய பதிவைத் தூக்கிடலாமான்னு யோசிச்சேன். தூக்கல. ஃபார்வர்ட் போய்க்கிட்டேதான் இருக்கும், அதைத் தேடி வர்றவனுக்குத் திருத்தம் கண்ணுல படணுமில்லையா. மேலேயே கொட்டை எழுத்துல போட்டுட்டேன்: "இதைப் பார்த்தவர் என் கொள்ளுத் தாத்தா. சொன்னவர் அவர் மகன். பிறப்பு 1930. 1945-ல் ஸ்ரீவள்ளி படம் பார்த்தவர். இரண்டும் கலந்திருக்கிறது. தகவல்: ஆச்சி." குடும்ப குரூப்லயும் போட்டேன். சித்தப்பா அதுக்கும் அதே கும்பிடு போட்டார்.

ஒண்ணு கவனிச்சீங்களா? திருத்தினதுக்கு அப்புறம் தகவல் குறையல, கூடியிருக்கு. மேடையில கிட்டப்பாவைப் பார்த்த ஒரு தலைமுறை, அவர் பாட்டைத் திரையில கேட்ட அடுத்த தலைமுறை, ரெண்டும் ஒரே ஆளோட ஞாபகத்துல எப்படி ஒட்டிக்கிச்சுங்கிறதும் தமிழ் சினிமா வரலாறுதானே. நாடகம் சினிமாவா மாறினது எங்க வீட்டுத் திண்ணையில நடந்திருக்கு.

ராண்டார் கை எழுதினதையும் இப்படித்தான் கையாளணும்னு எனக்குத் தோணுது. அப்படியே எடுத்து ஒட்டிப் பேர் போடாம விடுறது மரியாதை இல்லை. "எல்லாம் கிசுகிசு"ன்னு தள்ளுறதும் மரியாதை இல்லை. அவர் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து, பாட்டுப் புத்தகத்தோட, பழைய பத்திரிகையோட, ஆனந்தன் பட்டியலோட ஒத்துப் பார்த்து, சரின்னா சரி, தப்புன்னா தப்புன்னு எழுதுறதுதான் அவர் உழைப்புக்குச் செய்யற மரியாதை.

பதிவர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்லயும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ டெண்டுக் கொட்டகைக் கதை சொல்லுவாங்க. கேளுங்க. எழுதுங்க. எழுதும்போது நாலு விஷயம் மட்டும் கூடவே போடுங்க: சொன்னவர் பிறந்த வருஷம், எந்த ஊர்க் கொட்டகை, அவரே பார்த்ததா கேட்டதா, நீங்க எப்போ கேட்டீங்க. பரண்ல பாட்டுப் புத்தகம் இருந்தா பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுடாதீங்க. அதுல நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் இருக்கும். படம் அழிஞ்சுபோன இடத்துல அந்த எட்டுப் பக்கம்தான் சாட்சி. சென்னையில ரோஜா முத்தையா நூலகத்துல இந்த மாதிரிப் பொருளை எல்லாம் மதிச்சு வச்சிருக்காங்க.

எனக்கு இந்த மாசம் ஒரு வேலை இருக்கு. செங்கோட்டையில தொண்ணூறு தாண்டின ஒரு பெரியம்மா இருக்காங்களாம். கிட்டம்மாளைப் பற்றி அவங்க வீட்டுல பேசிக் கேட்டிருக்காங்களாம். "கேட்டிருக்காங்களாம்"தான். இந்த ஞாயித்துக்கிழமை போறேன். முதல் கேள்வி என்னன்னு முடிவு பண்ணிட்டேன்.

"ஆச்சி, நீங்க பிறந்தது எந்த வருஷம்?"

டிஸ்கி: பார்டர்ல புரோட்டா சாப்பிடத்தானே செங்கோட்டைப் பக்கம் போறேன்னு யாரும் கேட்கக் கூடாது. அதுவும் உண்டு.